இடது பின் சக்கரத்துத் தாமரை

திண்டுக்கல் தானே சார்? லோடு வண்டிதான், தாராளமா ஏறிக்கலாம். காலைப் பஸ்ஸ விட்டுட்டா சிறுமலையில கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான், எனக்குத் தெரியாதா. ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு ஒத்தாசை பண்ணணும். டிரைவர் சீட்டுல ஏறுங்க. ஆமா, நீங்கதான். பதறாதீங்க, ஓட்டச் சொல்லல. கால்கிட்ட மூணு இருக்குல்ல, நடுவுல உள்ளது பிரேக்கு. நான் அடியில படுத்துக்கிட்டு மிதிங்கன்னு சொன்னா மிதிக்கணும், விடுங்கன்னு சொன்னா விடணும். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.

மிதிங்க. நல்லா அழுத்தி. அப்படியே வச்சிருங்க. கால் தானா உள்ள எறங்குதா? இல்லையே? சரி, விடுங்க. இருங்க, அந்தப் பக்கச் சக்கரத்தையும் பாத்துர்றேன். மிதிங்க.

போதும் சார், எறங்கி இந்தப் பக்கம் வந்துருங்க. நாலு சக்கரமும் காஞ்சு கெடக்கு, ஒரு சொட்டு ஆயில் இல்ல. என் முதுகுல மண்ணு ஒட்டியிருக்கா? ஒட்டியிருக்கட்டும். ஒரு ஆள் மிதிக்கணும், ஒரு ஆள் அடியில கெடந்து பாக்கணும். ரெண்டு பேர் செய்யிற வேலை சார் இது, ஒத்தையா நடக்காது. எல்லாம் செஞ்சு பாத்துட்டுத்தான் சொல்றேன்.

காலடியில அந்தப் பையைப் பாத்து. பெயிண்டு டப்பா. வீட்டு கேட்டுக்கு அடிக்கலாம்னு நேத்து வாங்குனது, எறக்க மறந்துட்டேன். மடியில வச்சுக்கிறீங்களா? உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா வச்சுக்கங்க. உருண்டா நசுங்கிரும்.

என் பேரு அழகுராசு. இந்த மலையில என்னைத் தெரியாத வளைவு கிடையாது. வாழைத்தார், சவ்சவ், பலாப்பழம், என்ன லோடா இருந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவாங்க. என்ன காரணம்னா, இந்த வலது காலு. இது சாதாரணக் காலு இல்ல சார். பிரேக்குல ஒரு நூல் வித்தியாசம் இருந்தாலும் மண்டைக்குச் சொல்லிரும். பேசிக்கிட்டே ஓட்டுறேன்னு பயப்படாதீங்க. வாய்தான் உங்ககிட்ட இருக்கு, கண்ணு ரோட்டுலதான் இருக்கு.

அப்படிப்பட்ட என்னைப் பாத்து, உங்க வண்டியில பிரேக் ஆயில் ஒழுகுதுன்னு ஒரு பொம்பள சொன்னா எப்படி இருக்கும்? சொல்லுங்க. வேற யாரும் இல்ல, எங்க வீட்டுக்காரிதான். பஞ்சவர்ணம்னு பேரு. பிரேக்கு எது, கிளச்சு எதுன்னு அவளுக்குத் தெரியாது. அவ சொல்றா.

எல்லாத்துக்கும் காரணம் அவ அண்ணன். சோணைமுத்துன்னு ஒரு மச்சான் எனக்கு. நத்தம் பக்கம் இருக்காரு. இந்த வண்டிய நான் செகண்ட் ஹேண்ட்ல எடுத்தப்ப, கூட வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டு, டயர ரெண்டு எத்து எத்திட்டு, "மாப்ள, இது வேணாம், ஓட்டுனவன் இத நல்லாத் தேச்சு வச்சிருக்கான்"னாரு. டயர எத்துனா வண்டி நல்லதா கெட்டதான்னு தெரியுமா சார்? நான் எடுத்துட்டேன். அன்னைலேருந்து இந்த வண்டிக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லாமப் போனதில்ல. போனாலும் நான் வெளிய சொல்றதில்ல. என் வண்டிக்குக் காய்ச்சல்னு கேள்விப்பட்டா அங்க மச்சான் வீட்டுல பாயசம் வச்சிருவாரு.

பொங்கலுக்கு அந்த மனுசன் தங்கச்சிக்குச் சீர் கொண்டாந்தாரு. கரும்பு, பானை, அதோட மூணு டப்பா பெயிண்டு. எங்க வாசல் சிமெண்டு வாசல். ரோட்டுலேருந்து நேரா உள்ள வந்துரலாம், மறிக்க ஒண்ணும் கிடையாது. தெனம் கோலமாவு எடுத்துக் குனிஞ்சு போட முடியலன்னு, இப்ப எல்லாரும் பெயிண்டுல போட்டு வச்சிர்றாங்கல்ல, அது மாதிரி இவளும் வாசல் பூரா ஒரு தாமரை போட்டா. செவப்பு இதழு, மஞ்சக் கரை. நல்லாத்தான் இருந்துச்சு, நான் சொல்லல. எங்க வாசல்ல வண்டி நிறுத்த வேற எடம் கிடையாது. தாமரை மேலதான் நிறுத்துவேன். இடது பின் சக்கரம் ஒரு இதழ் மேல வந்து நிக்கும்.

கொஞ்ச நாள்ல அந்த இதழ்ல சொட்டை விழுந்துருச்சு. செவப்பு உரிஞ்சு சிமெண்டு தெரியுது. இங்க வந்து பாருங்கன்னு கூப்பிட்டா. கோழி கொத்தியிருக்கும்னேன். கோழி பெயிண்டத் திங்குமான்னா. உங்க அண்ணன் வாங்குன பெயிண்டு, கோழிக்கு அது பெயிண்டுன்னே தெரிஞ்சிருக்காதுன்னேன். 

அவளும் விடல. மறுபடி அந்த எடத்துல செவப்பு அடிச்சா. மறுபடி உரிஞ்சது. ஒரு நாள் காலைல நான் பல்லு வெளக்கிக்கிட்டு இருக்கேன், தரையத் தொட்ட வெரல என் மூக்குக்கிட்ட நீட்டுறா. "பிசுபிசுன்னு இருக்கு, வண்டிலேருந்துதான் சொட்டுது, கனி பாய்கிட்ட காட்டுங்க"ன்னா. கனி பாய் எங்க மெக்கானிக். நாய் வேலைன்னேன். நாய் காலைத் தூக்குனா பெயிண்டு உரியாதுன்னா. இது எதிர் வீட்டு நாய், அதோட குணம் உனக்குத் தெரியாதுன்னேன். நீங்களே சொல்லுங்க, நான் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொல்லிக்கிட்டுத்தானே இருந்தேன்?

பிரேக் ஆயில் டப்பாவையும் தொறந்து பாத்தேன், பாக்காம இல்ல. கொறைஞ்சிருந்துச்சு. கொறையத்தானே செய்யும் சார்? மலை ஏறி எறங்குற வண்டி, சூட்டுல கொஞ்சம் குடிக்கும். ஊத்துனேன். மறுபடி குடிச்சுச்சு. மறுபடி ஊத்துனேன். நல்லாச் சாப்பிடுதுன்னா நல்லா இருக்குன்னுதான் அர்த்தம்னு விட்டுட்டேன். அது குடிக்கவே கூடாது, கொறைஞ்சா எங்கயோ ஒழுகுதுன்னுதான் அர்த்தம்னு கனி பாய் அப்புறமாத்தான் சொன்னாரு. இதெல்லாம் முன்னாடியே சொல்ல வேண்டாமா?

இந்த வளைவுல ஒரு ஹாரன் அடிச்சுக்கிறேன். காட்டுமாடு நிக்கும்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வர்றேன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வண்டியக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, சூடம் காட்டி, முன் சக்கரம் ரெண்டுக்கும் அடியில ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைக்கிறது பஞ்சவர்ணம்தான். கல்யாணம் ஆனதுலேருந்து அவதான். அந்தப் பழத்த நசுக்கிட்டுத்தான் நான் மலை எறங்குவேன். எலுமிச்சம்பழம் இல்லாம நான் எறங்க மாட்டேன் சார். அந்த விஷயத்துல நான் ரொம்பக் கவனம். உசுரு சம்பந்தப்பட்டது இல்லையா.

அன்னைக்கு அடிவாரத்துல ஒரு வளைகாப்பு. எங்க தெருப் பொம்பளைங்க எல்லாம் பட்டுச்சேலை கட்டி, வளையல் தட்டு, சீர்த் தட்டோட பின்னாடி ஏறி உக்காந்துட்டாங்க. சவ்சவ் மூட்டைங்க மேல ஜமுக்காளம் விரிச்சு நல்லா வசதியாத்தான் வச்சிருந்தேன். இவ சூடம் காட்டுறா, நான் ஸ்டியரிங்கத் தொட்டுக் கும்பிடுறேன், எல்லாம் மொறையா நடக்குது. பழத்த மட்டும் வைக்கல. ரெண்டு பழத்தையும் முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வண்டிக்கு முன்னாடி வந்து நிக்கிறா. "ஒழுகுற வண்டிக்கு நான் பழம் வைக்க மாட்டேன். இத வச்சுட்டா எல்லாம் சரியாப் போச்சுன்னு நீங்க கிளம்பிருவீங்க"ன்றா.

தெருவே பாக்குது சார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அதோட விட்டாளா? பின்னாடி போயி, "எல்லாரும் எறங்குங்க, பஸ்ஸுல போவோம்"னா. ஒருத்தியாவது, அழகுராசு இருக்கும்போது எங்களுக்கு என்ன பயம்னு சொல்லியிருக்கலாம்ல? ஒவ்வொருத்தியா எறங்குறாளுக. தட்டுங்கள ஒருத்தர்கிட்ட ஒருத்தர் கொடுத்து, சேலையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, எல்லாரும் எறங்கிட்டாங்க. வளையலுச் சத்தம் இன்னும் காதுல கேக்குது. நானே போயி எதிர்க்கடையில ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கி, நானே வச்சு, நானே ஏத்தி நசுக்கிட்டுக் கிளம்புனேன். சத்தமா நசுக்குனேன்.

இந்தா வருது பாருங்க, இந்த மண்மேடுதான். கொஞ்சம் மெதுவாப் போறேன், நல்லாப் பாத்துக்கங்க. இந்த வளைவுக்கு முன்னாடி பிரேக்குல காலை வச்சேன். காலு போகுது. போய்க்கிட்டே இருக்கு. தரை தட்டிருச்சு. தூக்கித் தூக்கி மிதிக்கிறேன், ஒண்ணும் இல்ல. பயந்துட்டேன் சார்.  பின்னாடி ஆள் இருக்காங்கன்னு ஒரு நிமிஷம் நெனச்சேன். அப்புறம்தான் இல்லைன்னு ஞாபகம் வந்துச்சு. கியரக் கொறைச்சு, கை பிரேக்க இழுத்து, வண்டிய இந்த மண்ணுல கொண்டாந்து ஒரசி நிறுத்துனேன். இன்னும் நாலு அடி போயிருந்தா அந்தப் பள்ளம். வேற எவனா இருந்தாலும் முடிஞ்சிருக்கும். அதான் சொன்னேன், சாதாரணக் காலு இல்லைன்னு.

மூட்டை எல்லாம் அவுந்து, சவ்சவ் ரோடு பூரா உருண்டு ஓடுது. எங்கேருந்துதான் வந்துச்சுங்களோ, ஒரு கொரங்குக் கூட்டம். வளைகாப்புக்கு வந்தவங்க மாதிரி வரிசையா உக்காந்து தின்னுதுங்க. குட்டி போடப் போற ஒரு கொரங்குகூட இருந்துச்சு சார், நான் பாத்தேன்.

அந்தப் பொம்பளைங்க மட்டும் பின்னாடி இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்னு ஊருல ஆளாளுக்குக் கேக்குறாங்க. அத நான் நெனைக்கிறதே இல்ல. நெனச்சா தூக்கம் வராது, அதனால நெனைக்கிறதே இல்ல.

கனி பாய் வந்து சக்கரத்தக் கழட்டுனாரு. உள்ள வீல் சிலிண்டர்னு ஒண்ணு இருக்கு, அதுல வாஷர் கிழிஞ்சு ஆயில் ஒழுகியிருக்கு. பிரேக் ஆயில் பட்டா பெயிண்டு உரிஞ்சிரும்னும் சொன்னாரு. எந்தச் சக்கரம்னு கேக்குறீங்களா? இடது பின் சக்கரம்தான். அது ஒரு தற்செயல் சார். நாலு சக்கரத்துல ஏதாவது ஒண்ணுதானே ஒழுகணும்?

வண்டியச் சரி பண்ணிக்கிட்டு வீட்டுக்குப் போனா, தெருவே எங்க வாசல்ல நிக்குது. பஞ்சவர்ணம் ஓடியாந்து என் கையப் புடிச்சுத் தடவிப் பாக்குறா, தலையத் தொட்டுப் பாக்குறா. எல்லாரும் அவளப் பாத்து, நல்லவேளை நீ சொன்ன, நல்லவேளை நீ சொன்னன்னு புகழுறாங்க. மண்மேட்டுல வண்டிய நிறுத்துனவன் ஒருத்தன் இங்க நிக்கிறேன், என்னை ஒருத்தரும் கேக்கல. ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். "எல்லாம் இவ கருநாக்கு. இவ வாய வச்சதாலதான் பிரேக்கு போச்சு"ன்னு. ஒரே வார்த்தை சார். அதுவும் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னேன்.

அவ கைய எடுத்துட்டா. உள்ள போயி ஒரு பையில நாலு சேலைய வச்சுக்கிட்டு, சாயங்காலப் பஸ்ஸுல அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. சண்டை போட்டிருந்தாகூட நான் சமாளிச்சிருப்பேன். 

அது ஆனி மாசக் கடைசி. அக்கம்பக்கத்துல கேட்டவங்களுக்கெல்லாம், ஆடிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கான்னு சொன்னேன். டீக்கடைப் பரமன் சிரிச்ச சிரிப்புல அவன் கையில இருந்த டீயே கொட்டிருச்சு. புதுப்பொண்ணத்தான் ஆடிக்குக் கூட்டிட்டுப் போவாங்க, மக காலேஜு படிக்கிற வயசுல உம் பொண்டாட்டிய எந்த ஆடிக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்றான். இப்ப ஆடியும் போயி ஆவணி பொறந்துருச்சு, சொல்றதுக்கு வேற மாசம் இல்ல. மக கோயமுத்தூருலேருந்து தெனமும் போன் போட்டு, போய்க் கூப்பிடுங்கப்பான்னு ஒரே பாட்டு. நான் எதுக்குப் போகணும்? ஆளு இல்லாம எனக்கென்ன கொறைச்சல்? சோறு நானே வடிச்சுக்கிறேன். கொழையுது, அது அரிசியோட குத்தம்.

இந்தப் பிரேக்குப் பாக்குறதுக்குத்தான் சார் ஆள் இல்ல. அந்த நாள்லேருந்து தெனம் காலைல பாத்துட்டுத்தான் எடுப்பேன். பயம்னு இல்ல, ஒரு சுத்தபத்தம். பெடல் மேல கல்ல வச்சுப் பாத்தேன், கல்லு உருண்டு என் செருப்பு மேலயே விழுந்துச்சு. சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவுல ஜாக்கிக் கம்பிய முட்டுக் கொடுத்தேன், அது நின்னா நிக்குது, மிதிச்சு மிதிச்சு விட வேணாமா? பரமனைக் கூப்பிட்டா அவன் கிளச்ச மிதிச்சுக்கிட்டு, நல்லாத்தான் இருக்குன்றான். போன வாரம் போனுல வீடியோவப் போட்டு சக்கரத்துக்கிட்ட சாச்சு வச்சுட்டு, மேல வந்து மிதிச்சேன். அடியில அவ இருக்கிற நெனப்புல, "மிதிச்சாச்சு, ஒழுகுதா?"ன்னு கேட்டுட்டேன். அப்புறம் வீடியோவப் போட்டுப் பாத்தா, காஞ்ச சக்கரம் தெரியுது, என் குரலு மட்டும் கேக்குது, பதில் இல்ல. அதுக்கப்புறம் அத அழிச்சுட்டேன். வீடு நல்லா இல்ல சார். வெறிச்சுன்னு கெடக்கு.

சரி, அடிவாரம் வந்துட்டோம். செக்போஸ்ட்டு தாண்டுனா நத்தம் ரோடு.

ஆமா சார், திண்டுக்கல் அந்தப் பக்கம்தான். எனக்குத் தெரியாதா? இந்தப் பக்கம் ஒரு சின்ன வேலை, ரெண்டு நிமிஷம். நத்தம் போற வழியில ஒருத்தரப் பாத்துட்டுத் திரும்பிரலாம். யாருன்னா, நம்ம மச்சான்தான். அவருக்கு ஒரு வாழைத்தார் கொடுக்கலாம்னு. மனுசன்னா போக்குவரத்து வேணும்ல. வேற ஒண்ணும் இல்ல. நீங்க ஏன் சிரிக்கிறீங்க?

இந்தா, இந்த வேப்பமரத்து வீடு. வெள்ளைச் சட்டையோட உங்களப் பாத்தா, பஞ்சாயத்துப் பேச ஆள் கூட்டியாந்திருக்கேன்னு நெனைச்சிருவாங்க. அப்படி நெனைச்சாலும் ஒண்ணும் தப்பில்ல. லேசாத் தலையாட்டுங்க, போதும்.

வணக்கம் மச்சான். சும்மாதான், இந்தப் பக்கமா வந்தேன். இவரு சாரு, தெரிஞ்சவரு. வண்டி நல்லா ஓடுது மச்சான். டயர எத்தாதீங்க மச்சான்.

சார், அதோ. ரவிக்கை தச்சுக்கிட்டு இருந்திருக்கா போல, கையில ஊசியோட வர்றா. எளைச்சிருக்காளா? நான் சும்மா கேட்டேன். நீங்க எதுவும் பேசாதீங்க. என்னைப் பாக்கவே இல்ல, நேரா வண்டிக்கு முன்னாடி போறா. முன் சக்கரத்துல என்னத்தப் பாக்குறா? எலுமிச்சம்பழம் நசுங்குன கறை இருக்கான்னு பாக்குறா. இருக்காது. பழம் வைக்கல பஞ்சு. நீ போனதுலேருந்தே வைக்கல. வைக்க ஆள் இல்ல. இல்ல, சாமிக்குக் கோவம்லாம் இல்ல. பிரேக்கப் பாத்துட்டுத்தான் எறங்குறேன், தெனமும். இன்னைக்கு இந்த சாரு மிதிச்சாரு. வேணும்னா கேட்டுக்க.

சார், தலையாட்டுங்க.

எங்க போறா? பின்னாடி போறா. சேலையச் செருகுறா. சார், மண்டி போட்டுக் குனியிறா பாருங்க, இடது பின் சக்கரம். நீங்க கொஞ்சம் நவுருங்க, நான் டிரைவர் சீட்டுல ஏறணும். என்ன பஞ்சு? கேக்குது, கேக்குது. மிதிச்சுட்டேன். நல்லா அழுத்தித்தான் மிதிச்சிருக்கேன். விடவா? விட்டுட்டேன். ஒழுகுதா?

காஞ்சு கெடக்காம். கேட்டீங்களா சார், காஞ்சு கெடக்குன்னு சொல்லிட்டா.

அந்தப் பையா? அது ஒண்ணும் இல்ல பஞ்சு. பெயிண்டு. உங்க அண்ணன் வாங்குன அதே கம்பெனிதான். செவப்பு. அது, வீட்டு கேட்டுக்கு அடிக்கலாம்னு. ஆமா, நம்ம வீட்டுல கேட்டு இல்லதான். இப்ப என்ன, இனிமே வச்சா அடிக்க ஆகாதா?

சிரிக்கிறா சார். முந்தானைய வாயில வச்சுக்கிட்டு சிரிக்கிறா. உள்ள போறா. சேலைப் பைய எடுக்கத்தான் போறா, எனக்குத் தெரியும். பாத்தீங்களா, நான் எதுவும் கேக்கல, கெஞ்சல, அவளா வர்றா. தப்பு யாரு மேலன்னு அவளுக்கே புரிஞ்சிருச்சு.

சார், தப்பா நெனைக்காதீங்க. முன்னாடி ரெண்டு பேருக்குத்தான் எடம். அந்தப் பெயிண்டு டப்பாவ அவ மடியில கொடுத்துட்டு, நீங்க கொஞ்சம் பின்னாடி ஏறிக்கிறீங்களா? அங்க இருக்கிற வாழைத்தாருங்க மேல மட்டும் உக்காந்துராதீங்க, காம்பு ஒடிஞ்சிரும். திண்டுக்கல்தானே, போயிரலாம், போயிரலாம். மொதல்ல மேல போயி இவள வீட்டுல எறக்கி விட்டுட்டு வந்துருவோம். பயப்படாம ஏறுங்க சார், பிரேக்கெல்லாம் பாத்தாச்சு.